சுடுகிறதா, வியர்க்கிறதா, ஒழுகுகிறதா? தாமான் வீட்டுக் கூரைக் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துத் தாமான்களில் (வீடமைப்புக் குடியிருப்புகளில்) வீடுகள் ஏறக்குறைய ஒரே அச்சுதான். முன்பாதிக்கு ஓட்டுக் கூரை, பின்னால் நீட்டிக் கட்டிய குசினிக்குத் தகரம், கார் நிற்கும் இடத்துக்கு இன்னொரு தகரம். தோட்டத்துக்குள் இன்னும் நிற்கும் பழைய லயத்து வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் தகடு. வெயில் தாங்கவில்லை என்றதும் கைப்பேசியில் தேடுகிறோம். ராஜஸ்தானிலிருந்தும் துபாயிலிருந்தும் அரிசோனாவிலிருந்தும் யோசனைகள் வந்து கொட்டுகின்றன. அவை பொய்யல்ல, பாலைவனத்துக்குச் சரியானவை. அங்கே காற்று காய்ந்திருக்கும், ராத்திரி வானம் தெளிந்திருக்கும், பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். நம் பக்கத்தில் வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்து வருகிறது, ராத்திரி 24 டிகிரிக்குக் கீழே இறங்கவே யோசிக்கும். பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் பதிவான 40.1 டிகிரிதான் நாட்டின் உச்சம். பாலைவனக் கணக்கில் அது ஒரு சாதாரண நாள், ஆனால் அங்கே அந்த வெயிலுக்கு நிழலில் நின்றால் வியர்வை காய்ந்துவிடும்.

அதனால் எந்த யோசனையையும் எடுப்பதற்கு முன், வீட்டில் இருப்பது வெப்பக் கோளாறா, ஈரக் கோளாறா, மழைக் கோளாறா என்று பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. ஒழுகலை அடைக்காமல் சீலிங் மேல் பஞ்சு பரப்புவதும், கூரைச் சூட்டை விட்டுவிட்டு இரண்டு குதிரைத்திறன் ஏர்கோன் வாங்குவதும் இங்கே அடிக்கடி நடக்கும் வீண் செலவுகள்.

ஏணியை எடுப்பதற்கு முன் ஒன்று. 1980களிலோ அதற்கு முன்போ கட்டிய வீட்டில் சாம்பல் நிற அலைத் தகடோ தட்டைச் சீலிங் தகடோ இருந்தால், அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துளைக்கக் கூடாது, அரத்தால் தேய்க்கக் கூடாது, பாசியை எடுக்க உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்கவே கூடாது. முழுசாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும், உடைத்துப் பொடியாக்கினால்தான் நார் நுரையீரலுக்குள் போகும். பழைய தகடு ஆள் பாரத்தையும் தாங்காது. மாற்றுவதென்றால் அந்த வேலைக்கான ஆட்களை வைத்து, நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். இது வீட்டுக்காரர் கைவேலை அல்ல.

மழையே இல்லை, விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டுகிறது

ஜனவரி, பிப்ரவரியில் கெடாவில் அடிக்கடி வரும் புகார் இது. "ஒழுகுது" என்று சொல்லி சிலிக்கன் குழாய் வாங்கி எல்லா ஸ்குருவையும் அடைப்பார்கள். மறுநாள் விடியற்காலையிலும் சொட்டும்.

தெளிந்த ராத்திரியில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். குசினிக் காற்றில் இருக்கும் ஈரம், அதுவும் இரவு சோறு வடித்து, துணி உலர்த்திய ஈரம், தகரத்தின் அடிப்பக்கத்தில் போய் நீராகப் படியும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒழுகல் ஓரிரு இடத்தில் சொட்டும், அந்த இடத்தில் பழுப்புக் கறை இருக்கும். வியர்வையோ தகரம் முழுக்கப் பனித்துளிபோலப் படிந்து, குறுக்குச் சட்டத்தை ஒட்டி வரிசையாகச் சொட்டும். வெயில் ஏறி ஒன்பது மணி ஆனதும் தானாக நின்றுவிடும். கையால் தகரத்தின் அடியைத் தடவினால் எங்கே தொட்டாலும் ஈரம்.

சிலிக்கன் இதற்கு ஒன்றும் செய்யாது. அடுப்புக்கு மேல் வெளியே தள்ளும் விசிறி ஒன்று வைத்து, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்காமல் எலி புகாத வலை மட்டும் அடித்தால் பாதி தீரும். மீதியும் தீர வேண்டுமென்றால் தகரத்தின் அடியில் ஃபாயில் (பளபளக்கும் அலுமினியத் தாள்) ஒட்டிய பஞ்சு விரிப்பு வேண்டும். அது தகரம் மாற்றும்போது சேர்த்துச் செய்யும் வேலை. ஃபாயில் பக்கம் கீழே வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும், இணைப்புகளுக்கு ஃபாயில் டேப் ஒட்ட வேண்டும். இணைப்பைத் திறந்து விட்டால் ஈரம் பஞ்சுக்குள் போய் அங்கே படியும், ஆறு மாதத்தில் பஞ்சு கறுக்கும்.

மழையில் ஒழுகுகிறது

தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தகரத்தின் அடியிலோ சட்டத்தின் மேலோ நாலைந்து அடி ஓடிவந்துதான் சொட்டும். எப்போதும் சரிவில் மேல்நோக்கியே தேடுங்கள். காய்ந்த நாளில் தண்ணீர்க் குழாயால் சோதிப்பது நல்லது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே குழாயோடு. கீழ் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம் விட்டு, மெல்ல மேலே போங்கள். எடுத்த எடுப்பில் உச்சியில் தண்ணீர் விட்டால் கூரை முழுக்க நனைந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது.

தகரத்தில் முதல் சந்தேகம் ஸ்குரு வாஷர்மேல். கறுப்பு ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து திரும்பி எழுந்தால் நல்லது, வெடித்து உதிர்ந்தால் வேலை முடிந்தது. அதே ஓட்டையில் அதே அளவு ஸ்குரு போட்டால் பிடிக்காது. 12 கேஜ் இருந்த இடத்தில் அதைவிடத் தடித்த 14 கேஜ் போடுங்கள். முறுக்கும்போது வாஷர் ஓரம் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்த வேண்டும். வாஷர் நசுங்கித் தட்டையாகும் வரை முறுக்கினால் தகரம் குழிந்து, அந்தக் குழியிலேயே தண்ணீர் நிற்கும். அலையின் மேட்டில்தான் ஸ்குரு இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்திருந்தால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை போட்டதாக அர்த்தம்.

அடுத்தது சரிவு. நீட்டிய குசினியில் ஜன்னல் உயரம் இடிக்கிறது என்று கூரையைத் தட்டையாகப் போட்டிருப்பார்கள். அலைத் தகரத்துக்கு ஒரு அடிக்கு ஒரு அங்குலமாவது இறக்கம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 5 டிகிரி. அதற்குக் குறைந்தால் சாய்ந்து அடிக்கும் மழை, தகடும் தகடும் ஏறும் இடத்தில் பின்னோக்கி ஏறும். மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் குறைந்தது 8 அங்குலம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 4 அங்குலம்தான் என்றால் எந்தப் பசையும் நிரந்தரமாகக் காப்பாற்றாது. சரிவைக் கூட்டுவது அல்லது ஒரே நீளத் தகடு போடுவது இரண்டில் ஒன்றுதான் வழி.

மூன்றாவது, பழைய வீட்டுச் சுவரும் புதுத் தகரமும் சேரும் இடம். பாதி ஒழுகல் இங்கேதான். பெரும்பாலானவர்கள் சிமெண்டைக் குழைத்து மூலையில் அப்பிவிட்டுப் போய்விடுவார்கள். பகலில் தகரம் நீளும், ராத்திரியில் சுருங்கும், சிமெண்ட் அசையாது. முதல் மழைக் காலத்துக்குள் முடி மொத்தத்துக்கு விரிசல் விழும். சரியான முறை, சுவரில் ஒரு அங்குல ஆழம் பள்ளம் வெட்டி, மடித்த தகரப் பட்டையின் மேல் விளிம்பை அதில் செருகி, பாலியூரித்தேன் பசையால் அடைப்பது. பட்டையின் கீழ்ப்பகுதி கூரைத் தகரத்தின்மேல் 6 அங்குலமாவது படர வேண்டும். சிலிக்கன்தான் கிடைத்தது என்றால் குழாயைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் தகரத்துக்குப் போடாதீர்கள். அந்த அமிலம் துத்தநாகப் பூச்சை அரிக்கும், ஒட்டிய கோட்டோரமே துரு வரும். உலோகத்துக்கான நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்குப் பருவக் கணக்கு ஒன்று உண்டு. ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் பால்மரம் இலை கொட்டும். ஏப்ரல் மழை வரும்போது பீலியும் (கூரை ஓரத்து நீர்வாய்க்கால்) கூரைப் பள்ளமும் இலைச் சருகால் அடைந்திருக்கும், தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியில் புகும். கூரையில் குற்றமே இல்லாமல் வரும் ஒழுகல் இது. மார்ச் கடைசியில் ஒரு தடவை பீலியை வாரிவிட்டால் போதும்.

ஒரு விசித்திரமான துரு பற்றியும் சொல்ல வேண்டும். தகரத்தின் நடுவே வட்டமாக ஒரே ஓர் இடம் மட்டும் பொத்தலாகியிருக்கும், சுற்றிலும் தகடு புதுசுபோல இருக்கும். நேர் மேலே பாருங்கள், ஏர்கோன் தண்ணீர்க் குழாய் அங்கே சொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே செப்புக் குழாய்மேல் ஊறி வரும் தண்ணீரில் செம்பு கரைந்திருக்கும், அது துத்தநாகத்தைத் தின்னும். குழாயை நீட்டித் தரைவரை இறக்கிவிட்டு, அந்தத் தகட்டை மாற்றுங்கள். புதுத் தகடு வெட்டும்போது கூரைமேல் வைத்துக் கிரைண்டர் போட விடாதீர்கள். பறக்கும் இரும்புத் தூள் படிந்த இடமெல்லாம் அடுத்த மாதம் பழுப்புப் புள்ளி.

ஓட்டுக் கூரையில் முகட்டுச் சிமெண்ட் விரிசலும் உடைந்த ஓடும்தான் பெரும்பாலும் காரணம். பகலில் சீலிங் மேல் ஏறி விளக்கை அணைத்துப் பார்த்தால் வெளிச்சம் வரும் புள்ளிகள் தெரியும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அறைக்குள் இருக்க முடியவில்லை

நம் கெடா 5 முதல் 6 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முற்பாதியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும், மற்ற மாதங்களிலும் அதிகம் விலகாது. எனவே மத்தியானச் சூட்டின் முக்கால் பழி கூரைமேல். ஆனாலும் ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஹார்ட்வேர் கடையில் விற்கும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர் போதும். இரண்டு மணிவாக்கில் சீலிங்கின் அடிப்பக்கத்தையும், உள்சுவர் ஒன்றையும் அளங்கள். சீலிங் நாலைந்து டிகிரி கூட இருந்தால் கூரைதான் குற்றவாளி. பளபளக்கும் தகரத்தையும் ஃபாயிலையும் நேரடியாக அளந்தால் இந்தக் கருவி ஏமாற்றும், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, டேப்பை அளங்கள்.

கூரையிலிருந்து சீலிங்குக்கு வெப்பம் பெரும்பாலும் கதிராகவே இறங்குகிறது. அதனால்தான் கூரைமேல் டர்பைன் சுழலவிட்டும் பலருக்குப் பலன் தெரிவதில்லை. டர்பைன் சூடான காற்றை எடுக்கும், கதிரைத் தடுக்காது. அதுவும் ஓரச் சீலிங்கில் காற்று உள்ளே வர வழி இல்லையென்றால், விளக்கு ஓட்டை வழியாக அறையின் காற்றையே உறிஞ்சும். ஏர்கோன் காசு கூரை வழியாகப் போகும்.

முதல் செலவு ஃபாயில். ஓட்டுக்கு அடியில் ஏற்கெனவே ஒன்று போட்டிருக்கிறார்களா என்று சீலிங் மேல் ஏறிப் பாருங்கள். இல்லையென்றால் சட்டங்களின் அடியில், பளபளப்பான முகம் கீழே பார்க்க, விரித்து அடிக்க வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து ஓரிரு வருடத்தில் வேலை செய்யாது. ஃபாயிலுக்கு முன்னால் குறைந்தது ஒரு அங்குலம் வெறும் காற்று இருக்க வேண்டும். தகரத்தோடும் சீலிங்கோடும் ஒட்டி நசுக்கி வைத்தால் அது வெறும் உலோகத் தாள், வெப்பத்தை அப்படியே கடத்தும். ஒன்றின்மேல் ஒன்று 4 அங்குலம் ஏற்றி டேப் ஒட்டுங்கள். முகட்டில் ஓரிரண்டு அங்குலம் திறந்து விடுங்கள், சூடான காற்று வெளியேறட்டும். 10க்கு 12 அடி அறைக்குச் சரிவையும் ஏற்றத்தையும் சேர்த்து 150 சதுர அடி வாங்கினால் போதும்.

சீலிங் மேல் ஏறுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், லைட் சுவிட்ச் மட்டும் போதாது. அலுமினியம் மின்சாரம் கடத்தும், பின் அடிக்கும்போது பழைய வயரில் ஒரு பின் இறங்கினால் விரிப்பு முழுக்கக் கரண்ட். ஆஸ்திரேலியாவில் 2009, 2010இல் அரசாங்கம் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்பு போட்டுக் கொடுத்த திட்டத்தில் நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த வெப்பத்தால். காலை ஏழு முதல் பத்துக்குள் அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஃபாயிலுக்கு மேல் இன்னும் குளிர்ச்சி வேண்டுமென்றால் சீலிங் மேல் 2 முதல் 4 அங்குலம் கண்ணாடிப் பஞ்சோ ராக்வூலோ பரப்பலாம். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். பழைய ஹாலோஜன் விளக்குகளை மூடிப் போடாதீர்கள், சூடு வெளியேறாமல் தீப்பிடிக்கும். முதலில் எல்இடியாக மாற்றுங்கள். சீலிங்கே இல்லாத குசினிக்குப் பஞ்சைவிட முதலில் ஒரு சீலிங் போடுவதுதான் மலிவான பலன்.

வெள்ளைப் பூச்சு பாலைவனத்திலும் இங்கேயும் வேலை செய்யும் ஒரு சில யோசனைகளில் ஒன்று. புதிதில் வெயிலில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். பளபளக்கும் புதுத் தகரமும் வெயிலைத் திருப்பத்தான் செய்கிறது, ஆனால் ஏறிய சூட்டை எளிதில் வெளியே விடாது, அதனால் கை வைத்தால் சுடும். வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்யும். அங்கே அதன் எதிரி தூசி, இங்கே பாசி. செம்பனை ஓரத்து வீட்டில் இரண்டு வருடத்தில் கறுப்புக் கோடு இறங்கும். பூசுவதற்கு முன் பாசியைப் ப்ளீச் கலந்த தண்ணீரால் கொன்று, கழுவி, துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் ப்ரைமர் அடித்துவிட்டுத்தான் மேல்பூச்சு. தடிமனான ரப்பர் வகைப் பூச்சு இரண்டு கோட்டுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 0.8 முதல் 1 லிட்டர் வரை பிடிக்கும். 20க்கு 12 அடிக் குசினி 22 சதுர மீட்டர், ஆக ஒரு 20 லிட்டர் வாளி. ஒரே வாளியில் வீடு முழுக்கப் பூசித் தருகிறேன் என்று கண்ட்ராக்டர் சொன்னால் அவர் தண்ணீரைத்தான் பூசப் போகிறார். சாயங்கால மழைக்கு முன் காய நேரம் வேண்டும், மத்தியானத்துக்குள் நிறுத்திவிடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது

இது கூரை அல்ல, மேற்குச் சுவர். ஓர வீட்டுக்காரர்களுக்கே அதிகம் வரும். சாயங்கால வெயிலைச் செங்கல் வாங்கி வைத்து நாலு மணி நேரம் கழித்து உள்ளே தரும். பாலைவனத்தில் இதே தடித்த சுவர் வரம், ராத்திரிக் குளிரில் ஆறிவிடும். இங்கே ஆறுவதற்குள் அடுத்த நாள் வெயில். உள்ளே திரைச்சீலை போட்டுப் பயனில்லை. வெயில் சுவரில் படாமல் வெளியிலேயே தடுக்க வேண்டும். மூங்கில் தட்டி, கொடிப் பந்தல், மூன்றடி தாழ்வாரம், வெளிர் நிறப் பெயிண்ட் எதுவானாலும் சரி.

ஏர்கூலர் வாங்கினோம், உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது

திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் ஆவியாகித்தான் அது குளிர்விக்கிறது. 40 டிகிரியும் 15 விழுக்காடு ஈரமும் உள்ள பாலைக் காற்றை 14, 15 டிகிரி இறக்கும். நம் 32 டிகிரி, 70 விழுக்காட்டுக் காற்றில் மூன்று நான்கு டிகிரிதான் இறங்கும், அதற்கு விலையாக அறையின் ஈரம் ஏறும். ஜன்னலை மூடி வைத்தால் இன்னும் மோசம், அலமாரித் துணியில் பூசணம் பிடிக்கும். ஒரு நல்ல சீலிங் விசிறி இதைவிட மேல்.

ஏர்கோனிலும் இதே பிசுபிசுப்பு வந்தால் மெஷின் அறைக்குப் பெரிது. சீக்கிரம் குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. 10க்கு 12 அடிப் படுக்கையறைக்கு 1 குதிரைத்திறன், கூரை மோசமென்றால் 1.5. அதற்கு மேல் வேண்டாம். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல் இருக்கும் காற்றுத் துவாரங்களையும், சாய்த்துத் திறக்கும் நாக்கோ கண்ணாடிப் பட்டைகளின் சந்துகளையும் அடைக்காமல் ஏர்கோன் போட்டாலும் ராத்திரி முழுக்க வெளி ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சீலிங்கில் விளக்கைச் சுற்றி ஈர வட்டமும் கறுப்புப் புள்ளியும் தெரிந்தால், கூரை ஒழுகல் என்று பதற வேண்டாம். குளிர்ந்த சீலிங்கின்மேல் கூரைக்குள் இருக்கும் ஈரக் காற்று படிகிறது. விளக்கு ஓட்டையைச் சுற்றி அடைத்து, ஏர்கோனை 24க்கு ஏற்றி வையுங்கள்.

எல்லாம் செய்தும் பில் குறையவில்லை

வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் கூரைக்குச் செலவு செய்வதற்கு முன் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தகரக் குசினியில் சுவரோடு ஒட்டி நிற்கும் குளிர்சாதனப் பெட்டியைப் பலர் மறந்துவிடுவார்கள். மத்தியானம் 38 டிகிரி அறையில் அது ஓய்வே இல்லாமல் ஓடும். பின்னால் நாலு அங்குலம் இடம் விடுங்கள், அந்த மூலைக்குமட்டுமாவது சீலிங் போடுங்கள்.

ஏர்கோன் கணக்கு இப்படி. இன்வெர்ட்டர் இல்லாத 1 குதிரைத்திறன் மெஷின் ஏறக்குறைய 0.85 கிலோவாட். எட்டு மணி நேரமும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் ஓர் இரவுக்கு 6.8 யூனிட், மாதத்துக்கு 204. கூரையைச் சரிசெய்து அது பாதி நேரம் நிற்கத் தொடங்கினால் 102 யூனிட் மிச்சம். 2025 ஜூலையில் வந்த தெனாகா மின் நிறுவனத்தின் கட்டண முறையில், குறைவாகப் பயன்படுத்துவோருக்கான ஊக்கத் தள்ளுபடிக்கு முன் யூனிட்டுக்கு ஏறக்குறைய 44 சென். ஆக மாதம் 45 ரிங்கிட் அளவு. 600 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் கிடையாது, அதைத் தாண்டிய யூனிட்டுகளுக்குச் சேவை வரி உண்டு. அதனால் 640, 650இல் நிற்கும் வீட்டுக்கு ஓர் அறையின் ஃபாயிலே பில்லை அடுத்த படிக்கு இறக்கிவிடும். கம்ப்ரசர் நிற்கிறதா என்று தெரிய, நடு இரவில் வெளி மெஷின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். நிற்காமலே ஓடினால் முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள், பிறகு கேஸ் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கும் பிறகுதான் கூரை.